எடை மெஷினா, இஞ்ச் டேப்பா? ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று

உடல் கொழுப்புக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, கூடுதல் கொழுப்போடு தொடர்புள்ளவை என்று 2016-இல் 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. இப்போதைய சண்டை, அந்தக் கொழுப்பை எதை வைத்து அளப்பது என்பதில்தான். பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்), இடுப்புச் சுற்றளவு, கொழுப்புச் சதவீதம், தசை என்று நாலு பேர் போட்டியில் நிற்கிறார்கள்.

முதலில் பிஎம்ஐ. 175 செ.மீ. உயரம், 92 கிலோ எடை உள்ள இரண்டு ஆண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தோளும் தொடையும் திரண்டிருக்கின்றன, இன்னொருவருக்குக் கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நடக்கிறது. இருவருக்கும் பிஎம்ஐ 30, அதாவது இருவருமே 'உடல் பருமன்' கணக்கில் வந்துவிடுவார்கள். அதற்காக பிஎம்ஐயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அந்த 13 வகைப் பட்டியலே பெரும்பாலும் பிஎம்ஐயை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். லட்சம் பேரை ஒன்றாகப் பார்க்க அது போதும். தனி ஆளுக்கு, குறிப்பாக ஆணுக்கு, போதாது.

ஆணைப் பொறுத்தவரை என் ஓட்டு டேப்புக்கு. பெண்களைவிட ஆண்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்வது அதிகம், அது அங்கே சும்மாவும் கிடப்பதில்லை. கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும், உடனே உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரக்கும், இன்சுலினோ செல்களை 'வளரு, பெருகு' என்று உசுப்புகிற சமாச்சாரம். உடல் பருமனுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பெண்களைவிட ஆண்களிடம் வலுவாகத் தெரிவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அளக்கும்போது பேன்ட் சைஸைச் சொல்லி ஏமாற்றக் கூடாது. பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டிக்கொண்டு 'பத்து வருஷமா அதே 34தான்' என்பார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டதும் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆணுக்கு 94 செ.மீ.யிலிருந்தே கவனம் தேவை, தெற்காசியர்களுக்கு அது 90. பெண்ணுக்கு 80.

பெண்களிடம் வந்தால் கணக்கே மாறுகிறது, அங்கே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ளே நுழைகிறது. மாதவிடாய் நிற்கும் வரை அதைச் சுரக்கும் முக்கிய இடம் சூலகம். நின்ற பிறகு அந்தப் பொறுப்பைக் கொழுப்புத் திசு எடுத்துக்கொள்கிறது, அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். எதிர்த்து நிற்கப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் இல்லாதபோது கருப்பையின் உட்சுவர் வளர்ந்துகொண்டே போகும். பிஎம்ஐ 40-ஐத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆபத்து சுமார் 7 மடங்கு, பட்டியலிலேயே இதுதான் உச்சம்.

மார்பகப் புற்றுநோய் இன்னும் விநோதம். மாதவிடாய் நிற்பதற்கு முன்பு எடை கூடுதலாக உள்ள பெண்களுக்கு அதன் ஆபத்து கொஞ்சம் குறைவு, நின்ற பிறகு அதிகம். முதல் பாதியைப் படித்துவிட்டு நிம்மதியாகாதீர்கள், நாற்பதில் சேர்ந்த கொழுப்பு ஐம்பத்தைந்திலும் கூடவேதான் வரும்.

ஆகவே மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, இடுப்பளவோடு மொத்தக் கொழுப்பையும் பார்ப்பேன். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பிஎம்ஐ இயல்பாக இருந்த இத்தகைய பெண்களை மட்டும் டெக்சா ஸ்கேனில் (உடம்பின் கொழுப்பை அளக்கும் ஒருவகை எக்ஸ்ரே) பார்த்தது. கொழுப்பு மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடை மெஷினோ அவர்கள் எல்லோரையும் 'நார்மல்' என்று அனுப்பிவைத்திருக்கும்.

வீட்டில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் கொழுப்பு மெஷின் பற்றி ஒரு வார்த்தை. அது காலில் லேசான மின்சாரம் செலுத்தி ஊகிக்கிறது, உடம்பில் நீர் ஏறி இறங்கினால் எண்ணும் ஆடும். காலையில் ஒரே நேரத்தில் ஏறி, மாதக்கணக்கில் போக்கைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தசைதான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். இன்சுலின் சொல்கேட்டு ரத்தச் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்வது தசைதானே? ஆனால் 'கொழுப்பில்லா எடை' என்று மெஷின் காட்டுவதில் எலும்பு, உறுப்பு, நீர் எல்லாம் அடக்கம், உயரமானவர்களுக்கு அது இயல்பாகவே கூடுதல். உயரத்துக்கும் புற்றுநோய்க்கும் தனியாக ஒரு தொடர்பு உண்டு: பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் பெண்களிடம் நடந்த ஆய்வில் உயரம் ஒவ்வொரு 10 செ.மீ. கூடும்போதும் புற்றுநோய் ஆபத்து 16 சதவீதம் கூடியது. அதனால் தசை கிலோவை மட்டும் வைத்து ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி, தீர்ப்பு சொல்ல முடியாது. அந்தத் தசையை வேலை வாங்குவது வேறு கதை, உடற்பயிற்சி பெருங்குடல், மார்பகம், கருப்பை உட்சுவர் மூன்றிலும் ஆபத்தைக் குறைக்கிறது, எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இன்சுலின் பக்கம் பலன் தெரியும்.