கம்பெனி விசிட்னு சொல்லி 4,32,000 ரூபாயை அமுக்கிட்டாங்க: பெங்களூரு எம்பிஏ பசங்க உஷார்

நேத்து சாயங்காலம் எங்களை டூர் கூட்டிட்டுப் போன டிராவல் ஆபீஸ்ல இருந்து வந்த பதிலைப் படிச்சதுல இருந்து கை நடுங்குது. அந்த சூட்டோட எழுதறேன், அங்கங்க தாறுமாறா இருந்தா பொறுத்துக்கோங்க.

காலேஜ் பசங்களை 'பிசினஸ் ஸ்டடி டூர்'னு வெளிநாடு கூட்டிட்டுப் போற டிராவல் ஏஜென்சி ஒண்ணு. பேர் போட வேணாம்னு எங்க சார் சொல்லிட்டார். இந்திராநகர் பக்கம், மாடியில ஆபீஸ், சுவர் பூரா கோட்டு போட்ட பசங்க குரூப் போட்டோ. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்க கிளாஸ்ல 24 பேர் போனோம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பேங்காக். ஃபிளைட், ஹோட்டல், சாப்பாடு, சிங்கப்பூர் விசா எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் ரேட். அதுல பெரிய குறை சொல்றதுக்கில்ல. பிரச்சனை அதுக்கு மேல வாங்கின பணம். 'இண்டஸ்ட்ரி விசிட் சார்ஜ்'னு ஆளுக்கு 18,000. மொத்தம் 4,32,000 ரூபாய். சிங்கப்பூர்ல துவாஸ் துறைமுகம், கோலாலம்பூர்ல புர்சா மலேசியா பங்குச் சந்தை, தாய்லாந்துல ரயோங் பக்கம் கார் பார்ட்ஸ் ஃபேக்டரி. இந்த மூணுக்காகத்தான் போனதே. மெரினா பே-ல செல்ஃபி எடுக்கறதுக்கு ஏஜென்ட் எதுக்கு?

எப்படி நம்பினோம்னு கேப்பீங்க. ஆபீஸுக்குப் போனப்போ ஓனர் கன்னடத்துலதான் பேச ஆரம்பிச்சார். நான் கூட வந்த பையன்கிட்ட "ரேட் ஜாஸ்திடா"ன்னு முணுமுணுத்தேன். மனுஷன் முகமே மாறிடுச்சு. "அட, நம்ம ஊரா? எந்த ஊரும்மா?" அப்பாவுக்கு வேலூர்னேன். அவருக்கு ஆரணியாம். உடனே காபி வந்துச்சு. "என் பொண்ணும் எம்பிஏதான்மா படிக்கிறா. அவளை அனுப்பற மாதிரிதான் உங்களையும் அனுப்புவேன்"னார். வேற மாநிலத்துல இருக்கிறப்போ இந்தத் தமிழுக்கு நாம எவ்வளவு சீக்கிரம் இளகிடறோம்னு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

கம்பெனிங்க ஒத்துக்கிட்டாங்களா சார்னு கேட்டேன். ஃபோனை எடுத்து ஒரு மெயிலைக் காட்டினார். "டியர் சார், வி ஆர் ஹேப்பி டு வெல்கம்"னு இருந்துச்சு. யார் அனுப்பினதுன்னு பார்க்க நான் குனிஞ்சா, சரியா அந்த இடத்துல அவர் கட்டைவிரல். ஃபார்வேர்ட் பண்ணுங்கன்னு சொன்னதுக்கு, "கான்ஃபிடென்ஷியல்மா, கிளம்பறதுக்கு முன்னாடி லெட்டரே தர்றேன்."

அந்த 18,000 பேக்கேஜ் பில்லுல வராதுன்னும் சொன்னார். வேற ஒரு யுபிஐ நம்பர் கொடுத்தார். "இது அங்க இருக்கிற பார்ட்னருக்கு நேரா போற பணம். பில்லுல போட்டா ஜிஎஸ்டி, டிசிஎஸ்னு உங்களுக்குத்தான் கூட செலவு." (டிசிஎஸ்னா டூர் விக்கிறவங்க நம்மகிட்ட முன்கூட்டியே பிடிச்சுக் கட்டற வருமான வரி.) எங்க நல்லதுக்காக பேசற மாதிரியே இருந்துச்சு. எங்க கிளாஸ்ல பாதிப் பேர் கல்விக் கடன்ல படிக்கிறவங்க. மிச்சப்படுத்தித் தர்றார்னா யார் வேணாம்பாங்க?

இனி நடந்ததைக் கேளுங்க.

துவாஸ் பத்தி நான்தான் பிரசன்டேஷன் ரெடி பண்ணியிருந்தேன். 2022-ல முறைப்படி திறந்தது, டிரைவர் இல்லாத வண்டிங்கதான் கன்டெய்னரை இழுத்துட்டு ஓடுது, 2040-கள்ல வேலை முழுசா முடிஞ்சா வருஷத்துக்கு 6.5 கோடி கன்டெய்னர் கையாளும் (இருபது அடிக் கணக்குல). 2024-ல சிங்கப்பூர் மொத்தமுமே 4.1 கோடிதான் பண்ணுச்சு. இதையெல்லாம் நேர்ல பார்க்கப் போறோம்னு கேள்வியெல்லாம் எழுதி வச்சிருந்தோம். பஸ் போய் நின்ன இடம் வெஸ்ட் கோஸ்ட் பார்க். அங்கிருந்து பக்கத்துல பாசிர் பாஞ்சாங் டெர்மினல் கிரேன் தெரியும். "போர்ட், போர்ட், போட்டோ எடுங்க, பதினஞ்சு நிமிஷம்"னார் அந்த ஊர் கைடு. கல்யாண மண்டப வாசல்ல நின்னு வாசனை பிடிச்சுட்டு வந்த மாதிரி ஆச்சு. துறைமுகத்துக்குள்ள போக முன்கூட்டியே பாஸ் எடுக்கணும். எங்க பேர்ல யாரும் பாஸுக்கு எழுதிக் கொடுக்கவே இல்ல.

கோலாலம்பூர்ல கைடு மலேசியத் தமிழர், நல்ல மனுஷர். புர்சா மலேசியா போகணும்ணேன்னு நாங்க அடம் பிடிச்சதும் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். செக்யூரிட்டி மரியாதையாத்தான் கேட்டார், அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எங்கேன்னு. என்கிட்ட என்ன இருக்கு? பஸ்ஸுக்குத் திரும்பினதும் கைடு தன் ஃபைல்ல இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "தங்கச்சி, நமக்கு அனுப்பின பேப்பர்ல அதெல்லாம் இல்லையே. நீங்களே பாருங்க." சிட்டி டூர், பத்துமலை, சாக்லேட் கடை. மூணே வரி. கீழ எங்க ஏஜென்சி சீல். போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அதுதான் இப்ப கையில இருக்கிற ஒரே உருப்படியான ஆதாரம். அந்த அண்ணன் நல்லா இருக்கணும்.

பேங்காக்ல இருந்து ரயோங் 180 கிலோமீட்டர் கிட்ட வரும். பஸ் அரை மணி நேரத்துல நின்னுடுச்சு. ரத்தினக் கல் நகைக் கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலஞ்சு பேர் கல்லுக்குப் பட்டை தீட்டிட்டு இருந்தாங்க. "மேனுஃபேக்சரிங் விசிட்"டாம் அது! அஞ்சு நிமிஷம் அதைப் பார்த்துட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல ஷோரூம்ல சுத்த விட்டாங்க. வாங்கினா கைடுக்கு கமிஷன்.

கடைசியில கெம்பேகவுடா ஏர்போர்ட்ல இறங்கி லக்கேஜுக்கு நிக்கறப்போ, ஏஜென்சி பையன் ஒரு கவர் கொடுத்தான். உள்ள சர்டிபிகேட். துவாஸ், புர்சா, ஆட்டோமொபைல் ஆலை மூணையும் 'வெற்றிகரமாகப் பார்வையிட்டார்'னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கு. டூர் கிளம்பறதுக்கு முன்னாடியே அடிச்சு வச்சது. எங்க சார் அதைப் பார்த்துட்டு, "பார்க்காததைப் பார்த்ததா நான் எப்படிம்மா மார்க் போடறது?"ன்னுட்டார். டூர் ரிப்போர்ட்டுக்கு இப்ப வேற தலைப்பு தேடணும், அது தனித் தலைவலி.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. ஓனர் முதல்ல சிரிச்சார். "சாக்லேட் பண்ற இடமும் இண்டஸ்ட்ரிதானேம்மா?" அது கடை சார்னேன். "மூணு நாடு பத்திரமா போயிட்டு வந்தீங்களா இல்லையா?" 4,32,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கன்னதும் அக்கவுண்ட்ஸ்ல பேசுங்கன்னார். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற அக்கா, அப்படி ஒரு பணம் எங்க புக்ஸ்லயே வரலைங்கறாங்க. யுபிஐ ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா, அது எங்க அக்கவுண்ட் இல்லையேன்னு பதில். திரும்ப ஓனரைக் கூப்பிட்டா, "சார் துபாய்ல இருக்கார்." துபாய்ல இருக்கிறவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல எம்ஜி ரோடு தெரியுது.

போலீஸ் ஸ்டேஷன்லயும் "இது சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நேத்து வந்த பதில் வக்கீல் மாதிரி இங்கிலீஷ்ல. விசிட் எல்லாம் 'சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி', சோஷியல் மீடியால எழுதினா மானநஷ்ட வழக்காம். ஆரணித் தமிழெல்லாம் காபியோட தீர்ந்து போச்சு போல.

4,32,000 ரூபாய். ஒரு பையன் ராத்திரி ஷிப்ட் டெலிவரி ஓட்டி சேர்த்த 18,000-மும் அதுல இருக்கு.

என்ன பண்ணலாம்னு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. கம்பெனி விசிட்னா அந்தக் கம்பெனியோட மெயில் உங்க காலேஜ் மெயிலுக்கு நேரா வரணும், ஏஜென்ட் ஃபோன்ல காட்டறது செல்லாது. பில்லுல வராத ஒத்தை ரூபாயும் கொடுக்காதீங்க. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிச்சா உங்க பான் நம்பர் கேட்டாகணும், அப்பத்தான் வருமான வரித் துறை கணக்குல உங்க பேர்ல வரும். எங்க பில்லுல டிசிஎஸ் பிடிச்சிருக்கான், ஒருத்தர் பான் நம்பரும் கேக்கல, அது எங்க போச்சுன்னு இனிமேதான் தோண்டணும். ஏமாந்துட்டா 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) ஃபோன் பண்ணிப் புகாரைப் பதிவு பண்ணுங்க. நீங்க ஏஜென்சிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா நுகர்வோர் ஆணையத்துல மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். நாங்க ஆளாளுக்குத் தனித்தனியா போடப் போறோம்.

இன்னொண்ணு. அவங்க அடுத்த பேட்சுக்கு ஹனோய், ஹோ சி மின் நகரம்னு போஸ்டர் போட்டுட்டாங்க, வேற ஒரு காலேஜ் பசங்க அட்வான்ஸ் கட்டப் போறாங்கன்னு கேள்வி. அந்த குரூப்ல யாராவது இதைப் படிச்சா, பணம் அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு மெசேஜ் பண்ணுங்க. கைடு காட்டின அந்தத் தாளை அனுப்பி வைக்கிறேன்.