பச்சையாக இருக்கிறது என்று நம்பி மரக்கம்பம் வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு அவரைப் பந்தல் போட இரண்டு வருடத்துக்கு முன்னால் எட்டு கம்பம் வாங்கினேன். "மருந்தேற்றிய மரம் அண்ணே, கரையான் கிட்டவே வராது" என்றார் விற்றவர். கம்பமும் பச்சையாகத்தான் இருந்தது. வாங்கி வந்து நட்டுவிட்டேன்.

போன மாதம் காய் பறிக்கும்போது அம்மா ஒரு கம்பத்தைப் பிடித்தார்கள். தரையோடு ஒட்டிய இடத்தில் அது பொட்டென்று முறிந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று, அந்த வயதில் இடுப்பெலும்பு போயிருந்தால் என்ன செய்வேன்?

முறிந்ததை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். பச்சை நிறம் ஒரு நகத்தின் தடிமன்கூட உள்ளே இறங்கவில்லை. அதற்குள்ளே உரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெள்ளை. அடிப்பக்கம் முழுக்கக் கரையான் மண், விரலாலேயே தோண்டி எடுத்தேன். வெறும் சாயத்தில் முக்கி விற்றிருக்கிறார்கள். கடைக்குப் போனால், "ரசீது எங்கே?" என்கிறார்கள். அன்றைக்குக் கேட்டு வாங்காதது என் தப்புதான்.

சரியாக மருந்தேற்றுவது என்றால் மரத்தைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அப்புறம் மருந்துநீரை அழுத்தத்தில் ஏற்றுவது. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தில்தான் அந்தப் பச்சை வருகிறது. யூகலிப்டஸ் கம்பத்தில் நடுவைரம் மருந்தைக் குடிக்காது, ஆனால் சுற்றியுள்ள வெளிமரம் குடித்திருக்க வேண்டும்.

இங்கே மரத்துக்கு எச்2 முதல் எச்6 வரை தரம் உண்டு. வெளியில், மண்ணைத் தொடாமல் நிற்பதற்கு எச்3 போதும். மண்ணில் நடுவதற்கு எச்4 வேண்டும். எப்போதும் ஈரத்தில் கிடப்பதற்கு எச்5, கடல்நீருக்கு எச்6. கம்பத்தின் முனையில் தரத்தைக் காட்டும் சீட்டோ முத்திரையோ இருக்கும், எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பு) மாதிரி சான்றுக்குறியும் இருக்கும். இல்லையென்றால் அங்கே நிற்கவே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். நீளத்துக்கு அறுக்க வேண்டியிருந்தால் அறுத்த முனைக்கு மருந்து பூசி மேலே வையுங்கள், மண்ணுக்குள் விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் பிராய் போட, அதாவது வெளியில் தீ மூட்டி இறைச்சி சுட, மிச்சக் கட்டைகளைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. பூசியது என்னவென்றே தெரியாது. மருந்தேற்றிய மரமாக இருந்தாலும் எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். மூட்டை கட்டிக் குப்பைக் கிடங்குக்குத்தான் அனுப்பினேன்.