மெதுவாகச் சுழலும் பல்சர்: ஒற்றை டிஷ்ஷா, டிஷ் அணியா?

பல்சர் என்பது சுழன்றபடி, சுற்றுக்கொரு ரேடியோ துடிப்பை நமக்கு அனுப்பும் நட்சத்திர எச்சம். ஒற்றை டிஷ், பல டிஷ்களை இணைத்த அணி என இரண்டு வகை ரேடியோ தொலைநோக்கியின் தரவோடும் மல்லுக்கட்டிய பிறகு சொல்கிறேன்: மெதுவான பல்சரின் துடிப்பு வந்துசேரும் நேரத்தை அளக்க நான் அணியைத்தான் தேர்ந்தெடுத்தேன். சில மில்லிசெகண்டில் ஒரு சுற்றை முடிக்கும் மில்லிசெகண்ட் பல்சர் என்றால் கதை வேறு.

64 மீட்டர் பார்க்ஸ், 76 மீட்டர் லவல் மாதிரியான ஒற்றை டிஷ்ஷில் வேலை சுலபம். திருப்பினோமா, பதிவைத் தொடங்கினோமா என்று போய்விடலாம்.

சிக்கல் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில்தான் வருகிறது. ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி கண்டுபிடித்த ஜே0250+5854 என்ற பல்சர் ஒரு சுற்றுக்கு 23.5 நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிக்குள் ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவு மெல்ல ஏறி இறங்கிவிடும். தட்டையாக இருக்க வேண்டிய கோட்டில் மேடும் பள்ளமும் தெரியும். சரி, ஃபில்டர் போட்டுச் சமன் செய்யலாம் என்றால், அதன் சாளரம் (ஒரே தடவையில் சமன் செய்யும் நேர அளவு) கொஞ்சம் குறுகினாலும் துடிப்பின் இருபுறமும் பள்ளம் விழுகிறது, மங்கலான ஓரங்கள் கரைந்துபோகின்றன. ஒருமுறை துடிப்பின் வால் என்று நான் நம்பிய மேடு, சாளரத்தை மாற்றியதும் இடம் மாறியது. அப்படிப்பட்ட வடிவத்தை வார்ப்போடு, அதாவது துடிப்பின் மாதிரி வடிவத்தோடு, பொருத்தி எடுத்த நேரத்தை எப்படி நம்புவது?

புணே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி என்ற அணியில் 45 மீட்டர் டிஷ்கள் 30 இருக்கின்றன. ஒவ்வொரு ரிசீவரும் தன் போக்கில் அலையும்; பல்சரின் சிக்னல் மட்டுமே எல்லாவற்றுக்கும் பொது. ஒவ்வொரு டிஷ்ஷும் தனியாகப் பதியும் சிக்னல் அளவைக் கழித்துவிட்டுப் பொதுவானதை மட்டும் எடுத்தால், அந்த மேடுபள்ளம் பெருமளவு அடங்கிவிடுகிறது. ஃபில்டரை அநேகமாகத் தொடவே வேண்டாம்.

அப்புறம், அணி வானத்தைப் படமும் எடுக்கும்; பல்சரின் இடம் அதிலேயே துல்லியமாகத் தெரிந்துவிடும். பல்சரின் இடம் ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு பிசகினாலும், துடிப்பு நேரத்தில் 0.14 நொடி வரை வருடாந்திர ஊசலாட்டம் வரும். ஒற்றை டிஷ்ஷில் அதைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அணியிலும் தொல்லை உண்டு. குறைந்த அதிர்வெண்ணில் பூமியின் மேல் வளிமண்டலத்திலுள்ள அயனிமண்டலம், டிஷ்களுக்கு வரும் அலைகளின் ஒத்திசைவைக் கலைத்துவிடும். நடுநடுவே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். நான் கையாண்டவை சில நொடி காலம் கொண்டவைதான். 2022இல் தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் தொலைநோக்கிக் குழு அறிவித்த 76 நொடி ஜே0901-4046 போன்றவற்றில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அதில் ஒரு மணி நேரத்துக்கு 47 துடிப்புகள்தான் கிடைக்கும்; துடிப்புக்குத் துடிப்பு வடிவமும் மாறும். அதனால் நேர அளவீட்டில் வரும் சிதறலை டிஷ்ஷின் பரப்பு குறைக்காது, கூடுதல் மணிநேரம்தான் குறைக்கும்.