கிண்டிலா, டேப்லெட்டா, போனா? குலசேகரம் பக்கத்திலிருந்து மின்னூல் இரவல் அனுபவம்

அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வாங்கலாமா, டேப்லெட் போதுமா, இல்லை போனிலேயே படித்துவிடலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். புத்தகத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தக் கருவி என்பது தானாகவே முடிவாகிவிடும். ஒவ்வொரு மின்நூலகமும் ஒவ்வொரு மாதிரிக் கோப்பு கொடுக்கிறது, ஒன்று நகலெடுக்க விடாத பூட்டோடு வருகிறது, ஒன்று பூட்டில்லாமல் வருகிறது, ஒன்று நெட் இருந்தால்தான் திறக்கவே செய்யும். பல வருடமாக இவற்றையெல்லாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். இருப்பது கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். டவர் கிடைப்பதும் கிடைக்காததும் காற்றையும் மழையையும் பொறுத்தது என்பதையும் மனதில் வைத்து இதைப் படியுங்கள்.

வீட்டில் மூன்று கருவி இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த 6 அங்குல கிண்டில், பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட், அப்புறம் என் சட்டைப்பையில் கிடக்கும் சாதாரண போன். மூன்றுக்கும் வேலை இருக்கிறது, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

தமிழில் படிக்க முதலில் போகவேண்டிய இடம் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் மதுரைத் திட்டமும்தான். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் ஆசிரியர்களே, யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்த புத்தகங்கள் ஈபப், மோபி (இரண்டும் மின்னூல் கோப்பு வகைகள்), ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று நான்கு வடிவத்தில் கிடைக்கும். கிண்டில் வைத்திருப்பவர்கள் பழைய பழக்கத்தில் மோபியை எடுக்க வேண்டாம். 2022 முதல் நம் கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்ப அமேசான் தரும் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை ஈபப் கோப்பையே வாங்கிக்கொள்கிறது, மோபியை அந்த வழியில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஈபப்பாக அனுப்பினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரி இடைவெளியைக் கூட்டலாம். ஒரே குறை, தமிழில் சொற்கள் நீளம் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கினால் சில வரிகளில் இரண்டே சொல் நின்று நடுவில் பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கும் அமைப்பு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்று, கரண்டும் போய்விட்ட நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து படிக்க அந்தக் கிண்டிலை அடிக்க வேறொன்று இல்லை, சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும்.

அடுத்தது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம். 2017-ல் திறந்தார்கள். அரிய நூல்கள், பழைய பருவ இதழ்கள், எங்கேயும் கிடைக்காத பதிப்புகள் எல்லாம் இங்கே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப். இதை 6 அங்குலக் கருவியில் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் தெரியும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்கவேண்டும். டேப்லெட்தான் இதற்குச் சரி. கேஓரீடர் என்ற இலவச ஆப்பில் நாலுபக்க ஓரத்தையும் வெட்டிவிட்டு உள்ளிருக்கும் அச்சை மட்டும் திரை நிறையக் காட்டும் வசதி உண்டு, பழைய புத்தகங்களில் ஓரம் அகலமாக விட்டிருப்பார்கள் என்பதால் அதிலேயே எழுத்து நல்ல பெரிதாகிவிடும். கோப்புகள் கனமானவை. நான் மார்த்தாண்டம் போகும்போது அங்கே நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் இருந்து மொத்தமாக இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இந்த இரண்டு வகையிலும் இரவல் என்ற பேச்சே இல்லை, எடுத்தால் நம்முடையது. காரணம் உரிமை முடிந்தவை, நாட்டுடைமை ஆனவை, ஆசிரியரே மனமுவந்து கொடுத்தவை. நம் தேரூர்க்காரர் கவிமணி 1954-ல் காலமானார், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 வருடம்தான் காப்புரிமை, ஆகவே 2015 பிறந்ததிலிருந்து அவர் பாட்டுகளை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். அவருக்குப் பின்னால் வந்த நம் மாவட்டத்து எழுத்தாளர்கள் பலரை அப்படி எடுக்க முடியாது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உண்மையான மின் இரவல் என்றால் ஆங்கிலத்தில்தான் அதிகம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்நூலகத் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்கு இரவல் எடுக்கலாம், சில புத்தகங்கள் 14 நாளுக்கும் கிடைக்கும். ஒரு மணி நேரம் என்பது பிரௌசரிலேயே படிப்பது. பக்கம் புரட்டப் புரட்ட நெட்டிலிருந்து வரவேண்டும். எங்கள் மேட்டில் இது பெரிய பாடு. பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது, அவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023-லும், மேல்முறையீட்டில் 2024-லும் ஆர்க்கைவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை இரவல் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பு பார்த்து வைத்த புத்தகம் இன்று இல்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நூலக மின்னூலை இரவல் தரும் லிபி ஆப்பைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆப் அருமையானதுதான், ஆனால் ஓவர்டிரைவ் நிறுவனத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்த நூலகம் ஒன்றின் உறுப்பினர் அட்டை வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் அங்கே இருக்கும் நூலகத்தில் சேர்ந்து பயன்படுத்தலாம். அதிலும் லிபி புத்தகத்தைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். பூட்டுப் போட்ட ஈபப் கிண்டிலில் திறக்காது, கோபோ மாதிரி அடோபி பூட்டைத் திறக்கும் கருவி வேண்டும். கோப்புதானே, ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன, ஒருவர் திருப்பித் தரும்வரை ஏன் வரிசையில் நிற்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதுண்டு. பதிப்பாளர்கள் நூலகத்துக்கு விற்பது புத்தகத்தை அல்ல, உரிமத்தை. ஒரு நேரத்தில் ஒருவர், இத்தனை வருடம் அல்லது இத்தனை இரவல் என்று கணக்கு. ஹார்ப்பர்காலின்ஸ் 2011-ல் 26 இரவலோடு உரிமம் முடியும் என்று வைத்தது. அச்சுப் புத்தகம் கிழிகிற வரை நூலகத்தில் இருக்கும், மின்புத்தகத்தை நூலகம் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்கவேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இனி ஒலிப்புத்தகம். என் நாளில் பெரும்பகுதி கை வேலையாக இருக்கும், அதனால் படிப்பதைவிடக் கேட்பதே அதிகம். லிப்ரிவாக்ஸ் 2005-ல் தொடங்கியது, தன்னார்வலர்கள் வாசித்தது, எல்லாம் உரிமை தீர்ந்த புத்தகங்கள். ஆங்கிலத்தில் கடல்போல் இருக்கிறது, தமிழில் கொஞ்சமே. 64 கேபிபிஎஸ் எம்பி3 எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி அளவுதான், பெரிய நாவலே எளிதாக போனில் அடங்கிவிடும். கெடு தேதி கிடையாது, நெட்டும் வேண்டாம். பாட்டு கேட்கும் ஆப்பில் போடாதீர்கள், விட்ட இடம் மறந்துபோகும். ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர் மாதிரி இதற்கென்றே உள்ள ஆப் போட்டால் எந்தப் புத்தகத்தில் எங்கே நிறுத்தினோம் என்பதைத் தனித்தனியாக நினைவில் வைக்கும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம்.

பால்வெட்டு விடியுமுன் தொடங்கிவிடும், குளிரில்தான் பால் நன்றாக வடியும். நெற்றியில் லைட், கையில் கத்தி, ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது திறந்தே இருக்கவேண்டும், சருகில் பாம்பு போனாலும் கீழே பன்றி கிண்டினாலும் கேட்கவேண்டுமல்லவா. கையெல்லாம் பால் ஒட்டியிருக்கும், திரையைத் தொடவே முடியாது, ஆகவே நடுவில் பொத்தான் உள்ள கம்பி இயர்போன்தான் தோது. மணிக்கட்டால் ஒரு அழுத்து, நிற்கும். இன்னொரு அழுத்து, ஓடும். பட்டையைச் சீவி, பழைய ஒட்டுப்பாலை உரித்து, சிரட்டையை நேராக்கி அடுத்த மரத்துக்கு நடப்பதற்குள் இரண்டு மூன்று வாக்கியம் போயிருக்கும். நுணுக்கமான கட்டுரையெல்லாம் அப்போது மண்டையில் ஏறாது. கதையும் பயணக்குறிப்பும் வாழ்க்கை வரலாறும் நன்றாக ஏறும். ரப்பர் ஷீட் அடிக்கும்போது ரோலர் சத்தத்தில் எதுவும் கேட்காது, அதை விட்டுவிடுங்கள்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், குளுக்கோமாவில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் வாசித்த மனிதர், ரேடியோவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவருக்கு சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்நூலகம் கிடைத்ததைத்தான் இத்தனை வருடத்தில் கிடைத்த பெரிய லாபமாக நினைக்கிறேன். மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறையும் டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா என்ற அமைப்பும் டிசிஎஸ் நிறுவனமும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கு மட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலோடு பதிவு செய்யவேண்டும். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் இதற்கு வழி விட்டது, பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகத்திலேயே முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். ஆகவே உரிமை தீராத புத்தகமும் இங்கே கிடைக்கும். ஈசிரீடர் ஆப்பில் நுழைந்து இறக்கிக் கொடுத்துவிட்டால், போனில் உள்ள தமிழ்க் குரல் வாசிக்கும். காலையில் கட்டன்சாயா குடித்ததும், “மக்ளே, அந்த டீச்சரை நேத்து விட்ட எடத்துல இருந்து வாசிக்கச் சொல்லு” என்பார். அவர் டீச்சர் என்பது அந்த இயந்திரக் குரலைத்தான். பாபு என்ற பெயரைப் பாப்பு என்கிறது, பக்க எண்ணைக் கதைக்கு நடுவில் சொல்லிவிட்டுப் போகிறது, செய்யுளை மூச்சுவிடாமல் ஓட்டுகிறது. சித்தப்பா வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிறார், செய்யுள் வந்தால் நிறுத்தி அவரே சீர் பிரித்துச் சொல்லிப் பார்க்கிறார். கண் தெரியாத பெரியவர் யார் வீட்டில் இருந்தாலும் முதல் வேலையாக இதில் பதிவு செய்துகொடுங்கள், ஒருநாள் மெனக்கெட்டால் போதும்.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். இன்று எழுதுகிற தமிழ் எழுத்தாளரின் புத்தகத்தைக் கண் தெரிகிற ஒருவர் மின்னூலாக நூலகத்தில் இரவல் எடுக்க, நான் தேடியவரை, வழி இல்லை. காசு கொடுத்துக் கிண்டிலில் வாங்கலாம், மாதச் சந்தா கட்டலாம், அல்லது பஸ் ஏறி தக்கலை வழியாக நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் அச்சுப் புத்தகம் எடுக்கலாம். நான் மூன்றாவதைத்தான் செய்கிறேன், சந்தோஷமாகவே செய்கிறேன், ஆனால் மழைக்காலத்தில் மலையடிவாரத்திலிருந்து போய்வருவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி எல்லோரும் கட்டுகிறோம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. அந்த நூலக அட்டை எண்ணைப் போட்டால் போனில் ஒரு தமிழ் நாவல் 14 நாளுக்குத் திறக்கவேண்டும், எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் அதற்குரிய காசு அரசிடமிருந்து போகவேண்டும். பூட்டு போடட்டும், ஒரு நேரத்தில் ஒருவர் என்று வைக்கட்டும், காத்திருந்து படிக்க நான் தயார். நூலகத்துக்குப் போகும்போது பரிந்துரைப் பதிவேடு இருந்தால் நான் புத்தகப் பெயரோடு இதையும் எழுதிவிட்டு வருகிறேன். நீங்களும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எழுதுங்கள்.