மடிப்பில் விழும் வெள்ளைக் கோடு: வீட்டில் அச்சிட்டு மடிக்கும் காகிதப் பெட்டிகள், நீண்ட நாள் அனுபவம்

மெரூன் நிறத்தில் தங்க மாங்காய் போட்ட ஒரு தாம்பூலப் பெட்டி. அச்சு முதல் தரம், மூலை நாலும் கச்சிதம். ஆனால் மூடியின் நீளமான விளிம்பைப் பாருங்கள். மடித்த இடத்தில் மேல்தோல் வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை பஞ்சு பஞ்சாகத் தெரியும். அதே மூடியில் அகலப் பக்கத்து மடிப்பு ஒரு கீறல் இல்லாமல் சுத்தமாக இருக்கும். ஒரே தாள், ஒரே மை, மடித்ததும் ஒரே கை. பிறகு ஏன் ஒரு பக்கம் மட்டும் வெடிக்கிறது? இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். மற்றதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

இப்போது எழுதக் காரணம் அம்பாசமுத்திரத்து மதினி. மகளுக்கு வளைகாப்பு வருகிறது. "நீ செய்யுதல்லா, அதே மாதிரி நாமளே செஞ்சிருவோம். உன் பிரிண்டரையே எனக்கும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டார்கள். என் பிரிண்டரும் தாள் இழுக்கும் ரப்பர் உருளையை மாற்றிக்கொண்டு அப்போதுதான் சர்வீஸிலிருந்து வந்திருந்தது. அட்டைத் தூள் படிந்து உருளைக்குப் பிடிமானம் போய்விட்டதாம். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அட்டை ஓட்டும் மெஷினுக்கு அது தேய்மானக் கணக்கு.

பிரிண்டரைப் பற்றி இரண்டே வார்த்தை. மை ஊற்றும் டேங்க் வகை, பின்பக்கம் தாள் வைக்கும் மாடல். இந்தப் பின்பக்கம் என்பது முக்கியம். முன்பக்கத் தட்டில் தாள் வைக்கும் மாடல்கள் தாளை உள்ளே ஒரு முழு வளைவு வளைத்துத்தான் வெளியே தள்ளும். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளுக்கு அது ஒன்றும் செய்யாது. 220 அட்டை அந்த வளைவில் சிக்கும், இல்லையென்றால் வளைந்தே வெளியே வரும். பின்பக்கம் வைத்தால் ஏறக்குறைய நேராகப் போய்விடும். இது தெரிந்து வாங்கினால் பிரிண்டரில் குறை சொல்ல இடமே இல்லை.

டிசைன்களும் அப்படித்தான். மயில், தாமரை, புள்ளிக் கோலம், மாங்காய் என்று பி.டி.எஃப். ஆகக் காசுக்கும் கிடைக்கின்றன, சும்மாவும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் தயாரான கோப்புகள் லெட்டர் அளவில், 216 × 279 மி.மீ. இருக்கும். நம் ஏ4 210 × 297. 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுத்தால் அது சத்தமில்லாமல் 97 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். மூடியை ஒரு கோப்பிலிருந்தும் அடிப்பெட்டியை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. 100 சதவீதம் என்று வைத்தால் தீர்ந்தது.

இனி தாள்.

ஆலையில் கூழை ஓடிக்கொண்டிருக்கும் கம்பி வலையின் மேல் ஊற்றுகிறார்கள். வலை ஓடும் திசையிலேயே இழைகள் பெரும்பாலும் படுத்துவிடும். அதைத்தான் கிரெயின் என்கிறோம். இழை ஓடும் வாக்கில் மடித்தால் இழைகள் ஒதுங்கிக் கொடுக்கும். குறுக்கே மடித்தால் இழைகளையே முறிக்க வேண்டியிருக்கும், மேலே பூசியிருக்கும் பூச்சும் சேர்ந்து வெடிக்கும். வாழை இலையை நரம்பு போகும் வாக்கில் கிழித்தால் நேராகக் கிழிகிறது, குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகிறது, தாளும் அப்படியேதான். மெல்லிய தாளில் இது கண்ணில் படாது. 200 ஜி.எஸ்.எம்.-ஐத் தாண்டினால், அதுவும் அடர் நிறத்தில் அச்சிட்டிருந்தால், முகத்தில் அறைந்த மாதிரி தெரியும்.

ரீமாக வரும் சாதாரண ஜெராக்ஸ் தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும். தொல்லை அட்டையில். அட்டை 23 × 36 அங்குலம், 25 × 36 அங்குலம் என்று பெரிய ஷீட்டாக வரும். கடையில் அதை ஏ4 ஆக வெட்டும்போது, வீணாகக் கூடாது என்று கொஞ்சத்தை நீளவாக்கிலும் மிச்சத்தைக் குறுக்குவாக்கிலும் போட்டு வெட்டுகிறார்கள். எல்லாம் ஒரே கட்டில் கலந்து வருகிறது. மேலே இருக்கும் தாள் அருமையாக மடியும், அடுத்த தாள் வெடிக்கும். பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் கடையில் கேட்டேன்.

"அண்ணாச்சி, இதுல கிரெயின் எந்த வாக்குல ஓடுது?"

"தாள்ல என்னம்மா கிரெயினு? வெள்ளையா இருக்கா, மழுமழுன்னு இருக்கா, அம்புட்டுதான் பாக்கணும்."

அவர் நல்ல மனிதர், தாள் நனைந்திருந்தால் கேட்காமலே மாற்றித் தருவார். ஆனால் இந்தப் பதில் எனக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க அட்டை வெட்டுகிற இடம் அது. வெட்டும்போதே ஒரே வாக்கில் வருவதைத் தனிக் கட்டாக வைத்து, மேலே பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் போதும். பைசா செலவு இல்லை. இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

டிசைன் போடுகிறவர்கள் மீதும் எனக்கு இதே வருத்தம்தான். ஓரிகாமி என்னும் காகித மடிப்புக் கலைக்கு ஜப்பானின் அகிரா யோஷிசவா வகுத்த குறிமுறை உலகம் முழுக்கப் புழங்குகிறது. விட்டுவிட்டுப் போகும் கோடு என்றால் உள்பக்கம் மடிக்க வேண்டும், கோடும் புள்ளியுமாகப் போனால் வெளிப்பக்கம். எந்த மொழிக்காரரும் படித்துவிடலாம். தையல் பேட்டர்னில்கூட துணியின் நூலோட்டத்துக்கு ஒரு அம்புக்குறி போடுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு விற்கும் பெட்டி டிசைனில் அந்த ஒரு அம்புக்குறி ஏன் இல்லை?

யாரும் சொல்லாததால் நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான். ஒரு தாளின் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சதுரம் வெட்டி, எது நீளப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு முகத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றுங்கள். இழைகள் தடிமனில் ஊதும், நீளத்தில் ஊதாது. அதனால் சதுரம் சுருண்டு குழாயாகும். குழாய் நீண்டிருக்கும் திசைதான் இழையின் திசை. கட்டு முழுக்க இப்படிச் செய்ய முடியாது. ஒன்றைப் பார்த்துக்கொண்டால் மீதியைக் கையால் லேசாக வளைத்தே பிரித்துவிடலாம். எந்தப் பக்கம் இளக்கமாக வளைகிறதோ அந்த மடிப்புக்கு அது ஒத்துக்கொள்ளும். பிரித்தபின் நீளமான மடிப்புகள் இழையோடு போகும்படி டிசைனைத் திருப்பி அச்சிட வேண்டும்.

ஜி.எஸ்.எம். சரிதானா என்ற சந்தேகத்துக்கும் வீட்டிலேயே வழி இருக்கிறது. ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 220 என்று சொல்லி விற்கும் தாளில் 10 எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தால் 137 கிராம் வர வேண்டும்.

எப்படித் திருப்பினாலும் பெட்டிக்கு இரண்டு திசையிலும் மடிப்பு உண்டு. ஒன்று இழைக்குக் குறுக்கேதான் விழும். அதற்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில், ஸ்கேல். அச்சிட்ட பக்கத்தில் கோடு அழுத்தி, அந்தக் கோட்டுக்கு எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும். உள்பக்கம் மேடு தட்டி நிற்கும், வெளித்தோல் அவ்வளவு இழுபடாது. வெடிப்பு பாதியாகும். பாதிதான், போகாது.

மீதிப் பாதியைப் போக்கியது கோலம். டிசைனைக் கொஞ்சம் நகர்த்தி, கோலத்தின் வெள்ளை இழை சரியாக மடிப்பின் மேல் வரும்படி வைத்தேன். வெள்ளையில் வெள்ளை வெடித்தால் யாருக்குத் தெரியும்? செங்காவி நிறத் தரை, விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடு, நடுவில் சிக்குக் கோலம். கையில் வாங்கியவர்கள் எல்லோரும் விளிம்புக் கோட்டைத் தடவிப் பார்த்தார்கள். அடுத்ததாகப் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்து, கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரையே நெய்து கொடுக்கும் ஊர் அது. அந்தப் பாயின் ஓரப் பட்டையைப் பார்த்துச் சிவப்பும் பச்சையும் கோரை நிறமுமாக நானே வரைந்தேன். கோரை நிறம் வரும் இடத்தில் மடிப்பு விழுந்தால் உற்றுப் பார்த்தாலும் வெடிப்பு தெரிவதில்லை.

எதிர்பாராத சந்தோஷம் என்றால் மசு பெட்டி. வெட்டும் இல்லை, பசையும் இல்லை, ஒரு சதுரத் தாளை மடித்தே செய்யும் ஜப்பானியப் பெட்டி. ஏ4-இல் 21 செ.மீ. சதுரம் எடுத்தால் அடிப்பக்கம் 7.4 செ.மீ., உயரம் 3.7 செ.மீ. வரும். அடிப்பெட்டிக்கு இரண்டு மூன்று மி.மீ. குறைத்த சதுரம் எடுத்தால் மூடி வழுக்கிக்கொண்டு உட்காரும். நாலு மூலையையும் நடுவுக்கு மடித்துவிட்டுத் தொடங்குவதால் பெட்டியின் நாலு சுவர்களும் தாளின் விளிம்புக்கு 45 டிகிரியில் விழுகின்றன. அதாவது எந்தச் சுவரும் இழைக்கு நேர் குறுக்கே இல்லை, நாலும் சமம். கடைக்காரர் எப்படி வெட்டியிருந்தாலும் இந்தப் பெட்டி கவலைப்படாது. 100 முதல் 120 ஜி.எஸ்.எம். தாளே இதற்குப் போதும். டிசைனை மட்டும் 45 டிகிரி திருப்பி அச்சிட வேண்டும், இல்லையென்றால் பாய்க் கோடு பெட்டியில் சாய்ந்து போகும். இரண்டு மஞ்சள் கிழங்கு, ஒரு குங்குமச் சிமிழ், ஒரு ஜோடி வளையல் தாராளமாகப் போகும்.

அல்வா வைக்க வேண்டாம். உள்ளே பட்டர் பேப்பர் போட்டாலும் நெய் ஊறி வந்துவிடும், நம்ம ஊர் அல்வாவில் நெய் அந்த மட்டுக்கு இருக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மை பிக்மெண்ட், அதாவது தண்ணீரில் கரையாத நிறத்தூள்; கலர் மைகள் கரையும் சாயம். ஐப்பசி கார்த்திகையில் ஈரக் கையால் தொட்டால் கறுப்பு நிற்கும், சிவப்பு ஒட்டிக்கொண்டு வரும். கலர் ஜெராக்ஸ் கடையில் லேசரில் போட்டால் தண்ணீர் பயம் இல்லை. ஆனால் அது தாளின் மேலே உருகி ஒட்டிய தூள், மடிப்பில் செதில் செதிலாக உதிரும். மடிக்கிற வேலைக்கு நான் சாய மையைத்தான் எடுப்பேன். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கும் அதுதான் சரி. உள்ளே எல்.இ.டி. பல்பு போட்டதும் சாயத்தின் வழியே வெளிச்சம் நிறமாகக் கசிந்து வருகிற அழகு லேசர் அச்சில் வராது.

இவ்வளவும் நல்லபடியாகச் சொல்லிவிட்டு, வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். மதினிக்கும் அதைத்தான் சொன்னேன். இருநூறு பெட்டி வேண்டுமென்றால் பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. ஆஃப்செட்டில் அடித்து மேலே லேமினேஷன் ஃபிலிம் ஒட்டித் தருவார்கள், அந்தப் படலம் மடிப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொரு தாளையும் வளைத்துப் பார்த்துப் பிரிக்க மதினிக்கு வளைகாப்பு நேரத்தில் எங்கே பொழுது இருக்கும்? நல்ல பிரிண்டரையும் நல்ல டிசைனையும் வாங்கி வைத்துக்கொண்டு, கலந்து கட்டிய அட்டையால் பாதிப் பெட்டி கெட்டுப்போவதைப் பார்த்தால் வயிறு எரியும். கட்டின் மேல் அந்தப் பென்சில் கோடு வரும்வரை இதை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நெருங்கிய ஆட்களுக்கு மட்டும் பத்திருபது மசு பெட்டி போதும் என்றால் அதற்குப் புதுப் பிரிண்டர் தேவையில்லை. பாய்க் கோடு கோப்பு 45 டிகிரி திருப்பியே என்னிடம் இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் அச்சிட்டுத் தருகிறேன். தாள் 100 ஜி.எஸ்.எம்., ஏ4, ரீமாக சீல் வைத்தது வாங்கி வாருங்கள். மசு பெட்டி கிரெயினுக்குக் கவலைப்படாதுதான், ஆனாலும் கடையில் வெட்டிக் கட்டிய கட்டு வேண்டாம்.