ரிடண்டன்சி காசுக்கு அடுத்தவன்ர ஈமெயிலைக் குடுத்திடாதேங்கோ

கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்து வாசியுங்கோ. லண்டன்ல எங்கட ஆக்கள்ர கொம்பனியளில கன வருசமா வேலை செய்யிற ஆக்களுக்குத்தான் முக்கியமா எழுதுறன். எனக்கு வேலை போய், அரசாங்கம் தர வேண்டிய ரிடண்டன்சி காசு, அதாவது ஆள் தேவையில்லை எண்டு நிப்பாட்டினதுக்குத் தாற காசு, 6 கிழமையில வரும் எண்டு சொல்லி, கடைசிச் சதம் கைக்கு வர 9 மாசம் போச்சு. முதல்ல நானும் அந்தக் காசைத் தாற கவர்மென்ட் ஆபீசைத்தான் ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டு திரிஞ்சனான், பிறகுதான் தெரிஞ்சுது அதில பாதி, எனக்கு முன்னால இருந்து தேத்தண்ணி வாத்துத் தந்தவன்ர வேலை எண்டு.

நான் நிண்டது பார்க் ரோயல் பக்கம் ஒரு ஃபக்டரி, பேர் வேண்டாம். ஃப்ரோசன் சமோசா, ரோல்ஸ், பராட்டா எல்லாம் போட்டுக் கடையளுக்கு அனுப்புறது. 2013 ஜூன்ல சேர்ந்தனான், பக்கிங் லைனில, கிழமைக்கு 42 மணித்தியாலம், கடைசியா மணிக்கு 12 பவுண், ஆகக் கிழமைக்கு 504. 2024 செப்ரெம்பர் 20 வெள்ளிக்கிழமை விடிய 5.40க்குப் போறன், கேற்றில புதுப் பூட்டு. மழை தூறுது, 38 பேரில அரைவாசிப் பேர் ரோட்டில நிக்கினம், என்ர வெள்ளை பூட்ஸ் இன்னும் உள்ளுக்க லொக்கருக்குள்ளதான் கிடக்கு, திறப்பு என்ர கையில. 8 மணி போல முதலாளி வாட்ஸ்அப் குரூப்பில ஒரு வொய்ஸ் போடுறார், தம்பிமார் ஒருத்தரும் அவசரப்பட்டு அங்க இஞ்ச போகாதேங்கோ, கொம்பனியை அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போட்டிருக்கிறம், எல்லாற்ற காசும் வரும், கொஞ்சம் பொறுங்கோ எண்டு. மூண்டு கிழமைச் சம்பளம் வேற நிலுவை. நாங்களும் பொறுத்தம். 11 வருசமாப் பழகின குரல், நம்பாமல் என்ன செய்யிறது.

அந்த நேரம் எனக்கு ஒண்டும் தெரியாது, இப்ப தெரிஞ்சதைச் சொல்லுறன். இஞ்ச 1996ம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஒரே கொம்பனியில தொடர்ந்து 2 வருசம் நிண்டிருந்தா, ஆள் தேவையில்லை எண்டு நிப்பாட்டேக்க ரிடண்டன்சி தந்தே ஆகோணும். முதலாளி முறிஞ்சு போனா அந்தக் காசு நஷனல் இன்சூரன்ஸ் ஃபண்டில இருந்து வரும், எங்கட பேஸ்லிப்பில மாசா மாசம் வெட்டுறாங்களே அந்தப் பானையில இருந்துதான், ஒருத்தற்ர பிச்சையும் இல்லை. கணக்கு இப்பிடி: 22 வயசுக்கு முந்தின வருசத்துக்கு அரைக் கிழமைச் சம்பளம், 22ல இருந்து 40 வரைக்கும் ஒரு கிழமை, 41க்கு மேல ஒண்டரைக் கிழமை, கூடினது 20 வருசம்தான் எண்ணுவினம். கிழமைச் சம்பளத்துக்கும் ஒரு உச்சம் இருக்கு, என்ர வேலை போகேக்க அது 700 பவுண், 2025 ஏப்ரல்ல அதை 719 ஆக்கினவை. எனக்கு 47 வயசு, முழுசா 11 வருசம், அதில 41 தாண்டின வருசம் 6, மிச்சம் 5, எல்லாமா 14 கிழமைச் சம்பளம், அதாவது 7,056 பவுண். இதுக்கு ரக்ஸ் இல்லை. இதைவிட நிலுவைச் சம்பளம் 8 கிழமை வரைக்கும், எடுக்காத ஹொலிடே 6 கிழமை வரைக்கும், நோட்டீஸ் தராமல் நிப்பாட்டினதுக்கு வருசத்துக்கு ஒரு கிழமைப்படி 12 கிழமை வரைக்கும் அதே ஃபண்டில கேக்கலாம், இதுகளில ரக்ஸ் வெட்டித்தான் வரும்.

ஆனா இதில ஒரு கொளுக்கி இருக்கு. கொம்பனி கேற்றைப் பூட்டினாப்போல அது முறிஞ்சதா கணக்கில்லை. முறைப்படி லிக்விடேற்றரோ அட்மினிஸ்ட்ரேற்றரோ எண்டு முறிஞ்ச கொம்பனியைப் பொறுப்பெடுக்கிற ஒராளைப் போட்டு, அவர் எங்களுக்கு சி.என். எண்டு தொடங்கிற ஒரு கேஸ் நம்பர் தந்தாத்தான் ஒன்லைன்ல அப்ளை பண்ணலாம். நம்பர் இல்லையோ, ஃபோர்மில முதல் பக்கமே தாண்ட ஏலாது. எங்கட முதலாளி அட்மினிஸ்ட்ரேஷன் எண்டு சொன்னது சுத்தப் பொய், கொம்பனியளைப் பதியிற கொம்பனீஸ் ஹவுஸ் வெப்சைட்டில பேரை அடிச்சா ஆரும் காசில்லாமல் பார்க்கலாம், நவம்பர் நடுப்பகுதி மட்டும் அதில "அக்டிவ்" எண்டுதான் கிடந்தது. ரெண்டு மாசம் நாங்கள் ஒரு சாமானும் நடக்காத இடத்தில கியூவில நிண்டிருக்கிறம்.

அந்த ரெண்டு மாசத்துக்குள்ளதான் நான் போய் மாட்டினது.

ஒரு கடைக்கு மேல்மாடியில ஒருத்தர் ஆபீஸ் வைச்சிருக்கிறார், விசா, பாஸ்போர்ட், பெனிஃபிட், கிளெய்ம் எல்லாம் செய்து தருவன் எண்டு போர்ட். என்னோட வேலை செய்த பொடியன் ஒருத்தன்தான் கூட்டிக்கொண்டு போனவன். உள்ளுக்க முருகன் கலண்டர், தண்ணி சுட வைக்கிற கேத்தில், ஒரு பிரிண்டர், சுவர் முழுக்க ஃபைல். என்னைவிட வயசு குறைஞ்ச ஆள், அண்ணை அண்ணை எண்டு சரியான மரியாதை, தேத்தண்ணி வாத்துத் தந்தார். 300 பவுண் முதல்ல, காசு வந்தாப் பிறகு நூற்றுக்கு 10. எனக்குக் கவர்மென்ட் ஆபீசுக்குள்ள ஆள் இருக்கு அண்ணை, உங்கட ஃபைலை மேல எடுத்து வைப்பாங்கள் எண்டார். ஒக்ரோபர் 5ம் திகதி காசு குடுத்தனான், ஃபைல் திறந்தாச்சு எண்டு ஒரு நம்பரும் எழுதித் தந்தார். கேஸ் நம்பரே நவம்பர் 25தான் வந்தது எண்டா, ஒக்ரோபர்ல எந்த ஃபைலை ஐயா திறந்தனீர்?

நவம்பர் 28 அவரே அப்ளிகேஷன் போட்டவர். ஒத்தை விரலாலை தட்டிக்கொண்டு இருக்கேக்க, உங்களுக்கு ஈமெயில் இருக்கோ எண்டு கேட்டார், இருக்கு எண்டன். பரவாயில்லை என்ரையைப் போடுறன், வாற இங்கிலீஷ் கடிதங்கள் உங்களுக்கு விளங்காது எண்டார். எனக்குக் கொஞ்சம் சுட்டது, ஆனா வாயைத் திறக்கேல்ல. அந்த ஒரு வரிதான் எனக்கு ரெண்டு மாசத்தைத் திண்டது.

இதைத் தெரிஞ்சுகொள்ளுங்கோ, அந்த அப்ளிகேஷனுக்கு ஒரு பென்ஸ் கட்டத் தேவையில்லை. நஷனல் இன்சூரன்ஸ் நம்பர், பாங்க் விபரம், வேலைக்குச் சேர்ந்த திகதி, சம்பளம், இவ்வளவும்தான். என்ர மகள் பிறகு இருந்து பார்த்திட்டு, அப்பா இது 20 நிமிச வேலை எண்டாள்.

சரி, 6 கிழமை எண்டா ஜனவரி 9. வரேல்ல. கிறிஸ்மஸ் லீவு எண்டு நினைச்சன். ஜனவரி முடிஞ்சுது. அவரிட்ட அடிச்சா டோன்ட் வொறி அண்ணை, கவர்மென்ட் ஆபீஸ் அப்பிடித்தான், இப்ப கன கொம்பனி முறியுது, அவங்களுக்கு ஆக்கள் காணாது எண்டு ஒரே பாட்டு. வீட்டில வாடகை 1,650. மனுசி கெயர் ஹோமில டபுள் ஷிஃப்ட் அடிக்கிறா, எனக்கு வேலை இல்லாதவைக்குத் தாற ஜே.எஸ்.ஏ. காசு கிழமைக்கு 90.50 பவுண், சீட்டுக்காசு ரெண்டு மாசம் கட்டேல்ல, சீட்டுப் பிடிக்கிற அக்கா முகத்தைப் பார்க்க ஏலாமல் கோயிலுக்குப் போறதையே விட்டனான்.

பெப்ரவரி 26, பொறுக்கேலாமல் மகளைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஸ்பீக்கரில போட்டு நானே கவர்மென்ட் ஆபீசுக்கு எடுத்தன். 50 நிமிசம் மியூசிக். பிறகு ஒரு மனுசி எடுத்து, குறை சொல்லக்கூடாது, வடிவாக் கதைச்சவ. உங்களுக்கு ஜனவரி 14 நாங்கள் கேள்வி அனுப்பினனாங்கள், நீங்கள் பதில் தரேல்ல, அதால ஃபைல் நிக்குது எண்டா. மகள் என்னைப் பார்க்கிறாள். எந்த ஈமெயில் எண்டு கேட்டா, மேல்மாடி ஐயான்ரை.

கேள்வி என்னெண்டா, முதலாளின்ர மச்சான் புதுசா ஒரு கொம்பனி திறந்து அதே மெஷினுகளை வைச்சு வேற இடத்தில அதே ரோல்ஸ் அடிக்கிறார். வியாபாரம் கை மாறினா வேலையும் ஆளோட மாறும் எண்டு ஒரு சட்டம் இருக்கு, அப்பிடி நீங்கள் அங்க மாறிப் போயிருந்தா ரிடண்டன்சி இல்லை. நீங்கள் அங்க வேலைக்குப் போனனீங்களோ, கூப்பிட்டவையோ எண்டுதான் கேட்டிருக்கினம். ஒரு வரியில முடியிற பதில், இல்லை எண்டு. அந்த ஒரு வரி ஆறு கிழமையா ஆற்றையோ இன்பொக்சுக்குள்ள கிடந்தது. மச்சான் கடை திறந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது, அதை ஆபீஸ் கண்டுபிடிச்சது எனக்கு உள்ளுக்க ஒரு சந்தோசம்தான், சும்மா சொல்லக்கூடாது.

அண்டைக்கே ஈமெயிலை மாத்திப் பதிலும் அனுப்பினம். மார்ச் 28 காசு விழுந்தது. 5,040 பவுண்.

7,056 எங்க, 5,040 எங்க? கணக்குப் போட்டுப் பார்த்தா 10 கிழமைதான் தந்திருக்கினம். கொம்பனி குடுத்த லிஸ்டில நான் 2017 மார்ச்சில சேர்ந்ததா இருக்காம். அந்த வருசம் முதலாளி கொம்பனிப் பேரை மாத்தினவர், நாங்கள் அதே மெஷினில அதே கோட்டோட நிண்டம், பேஸ்லிப்பில மேல இருந்த பேர் மட்டும் மாறினது, அதைப் பெரிசா ஆரும் எடுக்கேல்ல. சட்டத்தில அப்பிடி மாறினாலும் சேர்விஸ் அறாது, ஆனா அதை நாங்கள்தான் காட்டோணும். நோட்டீஸ் காசும் 11 கிழமைக்குப் பதிலா 7 கிழமை எண்டுதான் போட்டுக் கிடந்தது.

என்னைக் காப்பாத்தினது ஒரு தகர டப்பா. மனுசி குவாலிற்றி ஸ்ட்ரீட் டப்பாவுக்குள்ள ஊசி நூலுக்குக் கீழ என்ர பி60 எண்ட வருசச் சம்பளக் கடுதாசி எல்லாம் போட்டு வைச்சிருந்தவ, 2014ல இருந்து ஒண்டும் தப்பேல்ல. நான் எத்தினை தரம் உந்தக் குப்பையை எறியும் எண்டு ஏசியிருப்பன். மகள் அதுகளை ஃபோனில படம் பிடிச்சு, பழைய கொம்பனி பேஸ்லிப் ரெண்டும், 2017ல பேர் மாறேக்க முதலாளி எல்லாருக்கும் தந்த ஒரு பக்கக் கடிதமும் சேர்த்து அனுப்பினாள். சும்மா ஆலோசனை சொல்லுற சிட்டிசன்ஸ் அட்வைஸில ஒரு பிள்ளை கடிதத்தை எப்பிடி எழுதோணும் எண்டு சொல்லித் தந்தது, காசு ஒண்டும் வாங்கேல்ல. அதுக்கும் இழுத்தவைதான். ஏப்ரல் போய், மே போய், இந்த முறை இடையில ஆரும் இல்லை, முழுக்க ஆபீஸ் பிந்தினது, ஒவ்வொரு முறை எடுக்கேக்கயும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதல்ல இருந்து கதை. 2025 ஜூன் 19 மிச்சம் 2,016 பவுணும் விழுந்தது, நோட்டீஸ் காசும் திருத்தி வந்தது, அதில ஜே.எஸ்.ஏ. வாங்கினதைக் கழிச்சுத்தான் தந்தவை, அது சட்டம், அதில எனக்குக் கோவம் இல்லை.

கோவம் வேற ஒண்டில. ஒரே இடத்தில 20 பேரையோ அதுக்கு மேலயோ நிப்பாட்டினா முன்கூட்டிக் கூப்பிட்டுக் கதைக்கோணும், கதைக்காட்டி வேலை வழக்கு விசாரிக்கிற ரிபியூனலுக்குப் போய், எங்கட நேரத்தில 90 நாள் சம்பளம் வரைக்கும் கேட்டிருக்கலாம், கொம்பனி முறிஞ்சிருந்தா அதில 8 கிழமை அளவுக்கு அதே ஃபண்டில வரும். ஆனா எங்கட நேரத்தில வேலை போய் 3 மாசத்துக்குள்ள, வழக்குக்கு முதல் சமரசம் பேசுற ஏகாஸில பதிஞ்சு தொடங்கியிருக்கோணும். எங்கட இடத்தில யூனியன் இல்லை, அப்பிடியான இடத்தில அவரவர்தான் கேக்கோணும், ஒருத்தர் வெண்டா மற்றவைக்கு வராது. எங்களில 9 பேர், போலந்துப் பொடியள் ரெண்டு பேர் தலைமையில, டிசம்பருக்குள்ள போட்டிட்டினம். மிச்ச 29 பேரும் தமிழ் வொய்ஸ் மெசேஜ் கேட்டுக்கொண்டு பொறுத்தம்.

மேல்மாடி ஆளிட்ட 300 பவுணைத் திருப்பிக் கேட்டன், அண்ணை வேலை செய்ததுக்குத்தானே எடுத்தனான் எண்டார். பிறகு காசு வந்திட்டுதாமே, என்ர 10 வீதம் எப்ப எண்டு அவரே எடுக்கிறார். நான் குடுக்கேல்ல, குடுக்கவும் மாட்டன்.

லைனில என்னோட நிண்ட ஒரு அக்கா, 62 வயசு, முதலாளியைக் கடைசி மட்டும் நம்பினவ. லிக்விடேற்றர்ர ஈமெயில் ஜங்க் ஃபோல்டருக்குள்ள போய்க் கிடந்தது, அவவுக்கு அதை எங்க பார்க்கிறது எண்டே தெரியாது. ரிடண்டன்சி கேக்க 6 மாசம்தான் ரைம், மார்ச்சோட முடிஞ்சுது, ஏப்ரல்லதான் எனக்குச் சொன்னவ. அதுக்குப் பிறகும் இன்னொரு 6 மாசத்துக்குள்ள ரிபியூனலுக்குப் போனா, பிந்தினதுக்கு நியாயம் இருந்தா விடலாம். நானும் மகளும் அவவோட இருந்து எழுதிப் போட்டிருக்கிறம், இன்னும் பதில் இல்லை.

அந்த மேல்மாடியில இன்னும் 14 பேற்ர ஃபைல் இருக்கு எண்டு கேள்விப்பட்டன். அதில நீங்களும் ஒராள் எண்டா, இண்டைக்கே கவர்மென்ட் ஆபீசுக்கு எடுத்து என்ர கிளெய்மில என்ன ஈமெயில், என்ன பாங்க் எக்கவுண்ட் கிடக்கு எண்டு கேளுங்கோ. கேக்கேக்க கேஸ் நம்பரும் நஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் கையில வைச்சிருங்கோ, விடிய லைன் திறந்தவுடன எடுத்தா கெதியாக் கிடைக்கும், பின்னேரத்தில எடுத்தா மியூசிக்தான்.