8×42 பைனாகுலர்: கூந்தன்குளத்துக்கு இது போதுமா?

திருநெல்வேலி மாவட்டப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில், ஊருக்குள் நுழைந்ததும் பைனாகுலரைத் தேட வேண்டாம். சீசனில் தெருவோர மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும்; பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. கருவிக்கு வேலை குளத்தங்கரை ஏறிய பிறகுதான்.

சரணாலயப் பரப்பு 129 ஹெக்டேர். பருவமழையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் குளத்தை நிரப்பினால், உள்ளே நிற்கிற கருவேல மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. கூடுகள் அதில். வாத்துகள் நடுத் தண்ணீரில், கரையிலிருந்து வெகுதூரம். 300 மீட்டரில் இருப்பதை 8 மடங்கு பெருக்கம் 37.5 மீட்டருக்குக் கொண்டுவரும். வரித்தலை வாத்தின் தலையிலுள்ள இரண்டு கறுப்புப் பட்டையை எண்ண அது தாராளம்.

'10 மடங்கு வாங்கினால் இன்னும் நல்லதுதானே?' என்பார்கள். கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பு சுருங்கும், பறக்கும் கூட்டத்தைப் பிடிப்பதற்குள் அது மரத்துக்குப் பின்னால் போயிருக்கும். வெளிச்சக் கணக்கும் இருக்கிறது: 42 என்பது முன்லென்சின் அகலம், மி.மீ. கணக்கில்; அதை 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியலில் இந்த ஒரு மில்லிமீட்டர் நன்றாகவே தெரியும். ஸ்டாண்ட் தூக்கிப் போகிறவர்களுக்கு மட்டும் 10 சரி.

கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். வாசலுக்கு வந்து தூரத்து மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் இரண்டாகத் தெரிந்தாலோ, கொஞ்ச நேரத்தில் கண் இழுத்து வலித்தாலோ, உள்ளே பிரிசம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்கட்டி) விலகியிருக்கிறது. வீட்டில் சரிசெய்ய முடியாது, வேறொன்று கேளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் லென்சுக்கும் 16 மி.மீ. இடைவெளி விடுகிற மாடலாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும்.

'மங்கலாத் தெரியுது' என்ற புகாரில் முக்கால்வாசி, வலக்கண் லென்சைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொடாததால் வருவது. வலப்பக்க லென்சை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள்; பிள்ளைகள் கை பட்டால் அது நகரும்.

காலை 10 மணிக்கு மேல் பைனாகுலரில் குளமே அலையாடுவது போலத் தெரியும். தரைச்சூட்டில் காற்று நெளிவதால் வருவது அது. லட்ச ரூபாய்ப் பைனாகுலரும் தோற்கும். பூநாரையின் அலகு நிறம் பார்க்க வேண்டுமானால் (வெளிர் சிவப்பில் நுனி மட்டும் கறுப்பென்றால் பெரிய பூநாரை, முழுக்க அடர் நிறமென்றால் சின்னது) சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கரையில், விடியலிலேயே நில்லுங்கள்.

நைட்ரஜன் அடைத்த மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். பனியில் உள்ளே ஆவி படியாது. சாதா மாடலை ஈரத்தோடு உறைக்குள் போட்டு மூடினால் லென்சில் பூஞ்சை நூல் ஓடும். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். கரைப் புழுதியை முதலில் ஊதுங்கள், பிறகு துடையுங்கள். வேட்டி நுனி வேண்டாம். மண்துகள் லென்சின் மேற்பூச்சைக் கீறிவிடும்.